லினக்ஸ் கடந்து வந்த பாதை – 31: கவனிக்க ஆளில்லாத சிப்புகள்

2012 டிசம்பர். லினக்ஸ் 3.8 பதிப்புக்கான மாற்றங்கள் நாலா பக்கத்திலிருந்தும் லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வந்துகொண்டிருந்தன. இன்டெல் வகை பிராசஸர்களுக்கான எக்ஸ்-86 பகுதியைக் கவனித்துவந்த ஹங்கேரிக்காரர் இங்கோ மோல்னார் அனுப்பிய தொகுப்புகளில் ஒன்றில் புதிதாக எதுவும் இல்லை. இருந்ததை எடுப்பதற்கான பேட்ச்கள் மட்டும்தான். இன்டெல் 386 பிராசஸருக்கான ஆதரவு இனிமேல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் வேண்டாம், வருஷக்கணக்காக அது கூடுதல் வேலை வைத்தே பிராணனை வாங்குகிறது என்பது சாரம். கடைசியில் ஒரு குறும்பும் செய்திருந்தார். 1991 தொடக்கத்தில் வாங்கிய உங்கள் 386 டி.எக்ஸ்-33 இனிப் புது லினக்ஸில் கிளம்பாது என்று எழுதி, அழுவதுபோல மூக்கை வேறு உறிஞ்சிக் காட்டியிருந்தார்.

அது யாருடைய கம்ப்யூட்டர் என்று இந்தத் தொடரை முதலிலிருந்து படித்துவருபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1991 ஜனவரியில், ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் தவணைக்கு எடுத்த மெஷின். 33 மெகாஹெர்ட்ஸ், 4 எம்.பி. மெமரி. லினக்ஸ் எழுதப்பட்டதே அதில்தான். அந்த வருஷம் ஆகஸ்ட் 25-ம் தேதி வெளியிட்ட பிரபலமான அறிவிப்பிலும், இது 386-ன் வசதிகளை நம்பி எழுதியது, வேறு ரக கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக முடியாது என்றுதான் அவர் சொல்லியிருந்தார். 

லினஸின் பதிலில் உருக்கம் எதுவும் இல்லை. எனக்கு அதன்மேல் பாசமெல்லாம் கிடையாது, தொலைந்தவரை நல்லது என்கிற தொனியில் இரண்டு சின்ன வாக்கியங்கள். 2013 பிப்ரவரியில் 3.8 வெளிவந்தபோது 386 அதில் இல்லை.

பழசாகிவிட்டது, தூக்கிவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். 386 வந்தது 1985-ல். இன்டெல் அதைத் தயாரிப்பதை நிறுத்தியதே 2007-ல்தான். ஆனால் வயதைப் பார்த்துக் கெர்னல் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. அதற்கான சாட்சி இந்த அத்தியாயத்திலேயே பின்னால் வரும். 386 விஷயத்தில் சிக்கல், அந்தச் சிப்பின் ஒரு சின்னக் குறை மற்ற எல்லாருடைய வேலையிலும் குறுக்கே வந்து நின்றதுதான். கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

யூனிக்ஸ் வழி வந்த சிஸ்டம்களில் ஒரு புரோகிராம் தன்னைப்போலவே இன்னொரு பிரதியை உருவாக்கிக்கொள்ளும். அப்போது தாயின் மெமரி முழுவதையும் பிள்ளைக்கு நகலெடுத்துக் கொடுத்தால் நேரம் வீண். அதனால் கெர்னல் ஒரு தந்திரம் செய்கிறது. இரண்டு பேருக்கும் அதே மெமரிப் பக்கங்களைக் காட்டிவிட்டு, அவற்றின்மேல் ‘படிக்க மட்டும்’ என்று குறி போட்டுவிடும். யாராவது ஒருவர் எழுதப் போனால் பிராசஸர் தடுத்துக் கெர்னலுக்குத் தகவல் சொல்லும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அப்போது நகல் எடுத்தால் போதும்.

386-லும் இது வேலை செய்தது, எழுதுவது புரோகிராமாக இருக்கும்வரை. எழுதுவது கெர்னலே என்றால்? உதாரணத்துக்கு, டிஸ்கிலிருந்து ஒரு ஃபைலைப் படித்துப் புரோகிராமின் மெமரியில் கெர்னல் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்த நேரத்தில் 386 ‘படிக்க மட்டும்’ குறியைப் பார்ப்பதே இல்லை. கெர்னல் எஜமானன், அவனை யார் கேட்பது என்பது அந்தச் சிப்பை வடிவமைத்தவர்களின் எண்ணம். விளைவு, தாய் கேட்ட ஃபைல் பிள்ளையின் மெமரியிலும் சத்தமில்லாமல் போய் விழும். இதைத் தடுக்க, எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் கெர்னல் தானே சோதிக்க வேண்டியிருந்தது. சோதித்த நொடிக்கும் எழுதும் நொடிக்கும் நடுவில் நிலைமை மாறிவிட்டால் அதுவும் பயன்படாது. 1989-ல் வந்த 486 கெர்னலையும் தடுக்கக் கற்றுக்கொண்டது. இன்னொன்றும் 486-ல்தான் வந்தது: ஒரு மெமரி இடத்தில் நான் எதிர்பார்க்கும் மதிப்பு இருந்தால் மட்டும் புதிய மதிப்பை வை என்று சொல்லும் ஒற்றை ஆணை. பல பிராசஸர்கள் ஒரே மெமரியைப் பங்குபோட்டு வேலை செய்யும் இன்றைய கம்ப்யூட்டர்களில் பூட்டுகளுக்கெல்லாம் அடிப்படை இந்த மாதிரி ஆணைதான். 386-ல் இது கிடையாது என்பதால், குறுக்கீடுகளை நிறுத்திவைத்து, இரண்டு மூன்று ஆணைகளால் அதே வேலையைச் செய்யும் தனிவழி ஒன்று கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்தது. நூற்றுக்கணக்கான பிராசஸர்கள் கொண்ட சர்வருக்காகப் பூட்டு முறையைத் திருத்தப் போகிறவர், ஒவ்வொரு முறையும் இந்தத் தனிவழியையும் திருத்தித் தொலைக்க வேண்டும்.

யாரும் பயன்படுத்தாத நிரல் ஒரு மூலையில் கிடந்தால் என்ன, யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் லினக்ஸின் ஒரு விநோதமான நடைமுறையில் இருக்கிறது. வெளியிலிருந்து கெர்னலைப் பயன்படுத்தும் புரோகிராம்களுக்கு அது தரும் வாக்கு கறாரானது: நேற்று ஓடியது இன்றும் ஓட வேண்டும். ஆனால் கெர்னலின் உள்ளே எதற்கும் உத்தரவாதம் கிடையாது. உள்ளே ஒரு ஃபங்ஷனை அழைக்கும் விதத்தை யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரே நிபந்தனை, மாற்றியவரே அதை அழைக்கும் எல்லா இடங்களையும் போய்ச் சரிசெய்து கொடுக்க வேண்டும். கெர்னலுக்குள் சேர்ந்துவிட்ட, சாதனங்களை இயக்கும் டிரைவர்கள், எழுதிய கம்பெனி மூடிய பிறகும் பிழைத்துக் கிடப்பது இந்த நிபந்தனையால்தான். யாரோ முன்பின் தெரியாதவர்கள் அவற்றைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள்.

வீடு முழுக்க வயரிங் மாற்றும்போது, பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் அறைக்கும் புது வயர் இழுக்க வேண்டும். இழுத்துவிட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம் என்றால் சாவி யாரிடமும் இல்லை. பழைய டிரைவரைத் திருத்துபவரின் கதி இதுதான். கம்பைல் ஆகிறது என்பதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. போட்டுப் பார்க்கக் கார்டு இல்லை.

இதற்கென்றே கெர்னலில் ஒரு ஃபைல் உண்டு. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு நிலை குறித்திருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் பார்க்கிறார், சும்மா ஒருவர் பார்க்கிறார், எப்போதாவது எட்டிப் பார்க்கிறார், அநாதை என்று படிப்படியாக இறங்கிவரும். ‘அநாதை’ என்று எழுதிவிட்டால் உடனே நீக்கிவிடுவார்கள் என்று பொருளல்ல. சில சமயம் அந்தச் சொல்லே ஆளைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். 2019 ஜூலையில் ஃபிளாப்பி டிஸ்க் டிரைவருக்கு லினஸ் அப்படித்தான் எழுதினார். அதைப் பார்த்துவந்த யிரி கோசினாவிடம் வேலைசெய்யும் ஃபிளாப்பி டிரைவே இல்லாமல் போய்விட்டது. கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. ஃபிளாப்பிகளுக்கு இந்த டிரைவர் தேவையும் இல்லை. ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்குள் பொய்க் கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருள்கள் பழைய ஃபிளாப்பியைப்போல நடித்துக்கொண்டிருந்தன. டிரைவரில் ஓட்டை இருந்தால் திருடன் உள்ளே வரலாம். அதனால் அடியோடு விட்டுவிடவும் முடியவில்லை. செய்தி பரவிய சில வாரங்களில் டெனிஸ் எஃப்ரெமோவ் என்பவர் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார். அநாதைப் பட்டம் போயிற்று.

எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு லினஸிடமும் இல்லை, யாரிடமும் இல்லை. லினக்ஸ் தன்னைப் பயன்படுத்துபவர்களை எண்ணுவதில்லை. அதனால் நீக்க நினைப்பவர்கள் சுற்றுவழியில்தான் தடயம் தேடுகிறார்கள். ஒரு டிரைவர் நான்கு வருஷத்துக்கு முன்னால் யாரோ செய்த தவறால் உடைந்துபோயிருக்கிறது, இதுவரை ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை என்று தெரிந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

2018-ல் கெர்னல் எழுதுபவர்களில் ஒருவரான ஆர்ண்ட் பெர்க்மன் இந்த வேலையை மொத்தமாகச் செய்தார். அந்த ஜூனில் வந்த 4.17 பதிப்பிலிருந்து ஒன்றிரண்டு டிரைவர்கள் போகவில்லை, எட்டு பிராசஸர் குடும்பங்கள் ஒரேயடியாகப் போயின. ஏறத்தாழ 5 லட்சம் வரிகள். எப்போதும் பெருத்துக்கொண்டே போகும் கெர்னல், முந்தைய பதிப்பைவிட இளைத்து வெளிவந்த அபூர்வமான சந்தர்ப்பம் அது. 

போனவற்றில் சில பெயர்கள் வெளியில் யாருக்கும் தெரியாது. ஃபுஜிட்சு, பானசோனிக், மிட்சுபிஷி போன்றவர்கள் தங்கள் சாதனங்களுக்காகச் செய்துகொண்ட சிப்புகள். கிரிஸ் என்ற ஒன்று ஸ்வீடனின் லண்ட் நகரத்து ஆக்ஸிஸ் கம்பெனியுடையது. நெட்வொர்க் கேமராக்களுக்குப் பேர்போன கம்பெனி, அவற்றுக்குள் தன் சொந்தச் சிப்பிலேயே லினக்ஸை ஓட்டிக்கொண்டிருந்தது. பிளாக்ஃபின், அனலாக் டிவைசஸ் கம்பெனி இன்டெலோடு சேர்ந்து வடிவமைத்தது. இவற்றில் என் கண் நின்றது டைல் என்பதில். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, எம்.ஐ.டி.யில் பேராசிரியரான அனந்த் அகர்வால் 2004-ல் தொடங்கிய டைலெரா கம்பெனியின் சிப். ஒரே சில்லில் 64 கோர்களைத் தரை ஓடு பதித்ததுபோல் கட்டம் கட்டி வைத்து 2007-ல் வெளியிட்டார்கள். இரண்டு கோர், நான்கு கோர் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். 2010-ல் அது லினக்ஸுக்குள் வந்தது. பிறகு டைலெராவை ஈசிசிப் வாங்கியது, ஈசிசிப்பை மெல்லனாக்ஸ் வாங்கியது. புது முதலாளிகளின் புதுச் சிப்புகளில் ஆர்ம் கோர்கள் வந்தன. டைலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள்.

எட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சிப்புகள், ஆனால் எட்டுக்கும் ஒரே கதிதான் என்று பெர்க்மன் குறித்துவைத்தார். ஒரே கம்பெனி சிப்பையும் செய்து, அதன் ஆணைத்தொகுதியையும் வகுத்து, கம்பைலரையும் கெர்னலையும் கட்டிக் காக்க வேண்டியிருந்தது. ஆர்ம் போன்றவர்களிடம் காசு கொடுத்து வடிவமைப்பை வாங்குவது அதைவிட மலிவாகிவிட்டது. கேமராக்கள் இன்னும் விற்கின்றன. உள்ளே இருக்கும் மூளைதான் வேறு. அவர் நீக்க நினைத்த பட்டியலில் குவால்காமின் ஹெக்ஸகனும் சீனத்து யூனிகோர்-32-ம்கூட இருந்தன. கேட்டதும் ஆட்கள் பதில் சொன்னார்கள், இரண்டும் தப்பின. யூனிகோர் இரண்டு வருஷம் கழித்து எப்படியும் போயிற்று. இதில் ஒரு வேடிக்கை: எட்டு போன அதே 4.17-ல் தைவானின் ஆண்டிஸ் கம்பெனியுடைய என்.டி.எஸ்.-32 என்ற புதுக் குடும்பம் உள்ளே வந்தது. 2022-ல் அதையும் வெளியே எடுத்துவிட்டார்கள். நான்கு வருஷ வாழ்வு.

இவையெல்லாம் சின்ன மீன்கள். ஐட்டேனியத்தின் கதை அப்படியல்ல.

எச்.பி.யும் இன்டெலும் 1994-ல் கைகோத்து, 2001-ல் வெளியிட்ட 64 பிட் பிராசஸர் அது. எந்த ஆணையை எதோடு சேர்த்து ஓட்டலாம் என்று சிப் யோசிக்கத் தேவையில்லை, கம்பைலரே முன்கூட்டி யோசித்து மும்மூன்றாகக் கட்டிக் கொடுத்துவிடும் என்பது அடிப்படை எண்ணம். உலகத்தின் எல்லா சர்வர்களும் இதற்குத்தான் மாறப்போகின்றன என்று சொல்லப்பட்டது, பலர் நம்பவும் செய்தார்கள். சிப் கடைக்கு வருவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே, டிரில்லியன் என்ற திட்டத்தில் எச்.பி., இன்டெல், ஐ.பி.எம்., எஸ்.ஜி.ஐ., ரெட் ஹேட் எல்லாரும் கூடி லினக்ஸைத் தயார்செய்து 2000 பிப்ரவரியில் நிரலை வெளியிட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் லினக்ஸுக்கு இப்படி ஒரு ராஜ மரியாதை கிடைத்ததில்லை.

சந்தையில் சிப் தோற்றது. கம்பைலரால் எல்லாவற்றையும் முன்கூட்டி யோசிக்க முடியவில்லை, 2003-ல் ஏ.எம்.டி. பழைய எக்ஸ்-86-ஐயே 64 பிட்டுக்கு நீட்டிக் காட்டியதும் கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் லினக்ஸின் வரலாற்றில் ஐட்டேனியத்துக்கு ஓர் இடம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. எஸ்.ஜி.ஐ.யின் ஆல்டிக்ஸ் கம்ப்யூட்டர்கள் நூற்றுக்கணக்கான ஐட்டேனியங்களைக் கோத்து, ஒரே லினக்ஸ் கெர்னலின் கீழ் ஓட்டின. நாசாவின் ஏம்ஸ் மையத்தில் இருந்த 512 பிராசஸர் ஆல்டிக்ஸுக்கு 2004-ல் ‘கல்பனா’ என்று பெயர் வைத்தார்கள், கொலம்பியா விண்கல விபத்தில் இறந்த கல்பனா சாவ்லாவின் நினைவாக. அப்படிப்பட்ட 20 ஆல்டிக்ஸ்களைச் சேர்த்து 10,240 பிராசஸர்களோடு அமைந்த கொலம்பியா சூப்பர் கம்ப்யூட்டர் அந்த நவம்பரில் உலகப் பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு வந்தது. நாலைந்து பிராசஸருக்குமேல் திணறிக்கொண்டிருந்த ஒரு கெர்னல், நூற்றுக்கணக்கில் சமாளிக்கப் பழகியதில் இந்த மெஷின்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு வந்த வருஷங்களில் ஐட்டேனியம் உயிரோடிருந்தது எச்.பி.யின் காசில். இந்தச் சிப் தொடர்பாக ஆரக்கிளோடு நடந்த வழக்கில் வெளியான ஆவணங்களின்படி, சிப்பைத் தொடர்ந்து தயாரிப்பதற்காக மட்டும் இன்டெலுக்கு எச்.பி. தர ஒப்புக்கொண்ட தொகை சுமார் 69 கோடி டாலர். அந்தப் பணம் சிப்புக்குப் போனது; எச்.பி.யின் சொந்த யூனிக்ஸான எச்.பி.-யு.எக்ஸுக்குப் பயன்பட்டது. லினக்ஸ் பக்கம் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். 2021 ஜனவரியில், எச்.பி.யிலிருந்து பிரிந்த எச்.பி.இ. ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டது, இன்டெல் ஒரு வருஷத்துக்கு முன்பே நிறுத்திவிட்டது என்று காரணம் எழுதி லினஸ் அந்தப் பகுதியை அநாதை என்று குறித்தார். ஜூலை 29-ம் தேதி இன்டெலின் கடைசிச் சரக்கு அனுப்பும் கெடுவும் முடிந்தது.

அநாதை ஆகியும் இரண்டரை வருஷத்துக்குமேல் அது கெர்னலில் கிடந்தது. கடைசியில் கத்தியைக் கையில் எடுத்தவர் ஆர்ட் பீஷூவெல். கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் ஒப்படைக்கும் இ.எஃப்.ஐ. என்ற பகுதிக்குக் கெர்னலில் அவர் பொறுப்பாளர். அந்தப் பகுதியில் என்ன மாற்றினாலும் ஐட்டேனியத்தில் உடையாமல் இருக்கிறதா என்று கவலைப்பட வேண்டும். சோதிக்க மெஷின் இல்லை, கேட்க ஆள் இல்லை. இ.எஃப்.ஐ. யாருக்காகப் பிறந்தது என்று பார்த்தால் ஐட்டேனியத்துக்காகத்தான். பழைய பயாஸ் இந்தப் பெரிய மெஷின்களுக்குப் போதாது என்று இன்டெல் அதை உருவாக்கியது. இன்று நாம் வாங்கும் பெரும்பாலான லேப்டாப்கள் அதன் வாரிசை வைத்துத்தான் கிளம்புகின்றன. லினக்ஸில் சி++ புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிகளுக்கும் இன்றுவரை ஐட்டேனியம் விதிகள் என்றே பெயர். சிப்பைத் தவிர எல்லாம் நிலைத்துவிட்டது.

நீக்குவதிலும் ஒரு முறை இருந்தது. 2023 அக்டோபரில் வந்த 6.6, நீண்ட நாள் திருத்தங்கள் கிடைக்கும் பதிப்பு. மிச்சமிருக்கும் ஐட்டேனியக்காரர்கள் அதை வைத்துச் சில வருஷம் ஓட்டிக்கொள்ளட்டும் என்று விட்டு, அடுத்த 6.7-ல் எடுத்தார்கள். 65,000 வரிகளுக்குமேல். 2024 ஜனவரி 7-ம் தேதி 6.7 வெளியானது.

அதே 6.7-ல் மோட்டரோலா 68000 குடும்பத்துக்கான ஆதரவு அப்படியே இருந்தது. 1979-ல் வந்த சிப் வரிசை. அமிகா, அடாரி, பழைய மெக்கின்டோஷ் வைத்திருப்பவர்களுக்கானது. வணிகரீதியாகப் பார்த்தால் ஐட்டேனியத்தைவிட எத்தனையோ வருஷம் முன்பே செத்துவிட்ட சரக்கு. ஆனால் பெல்ஜியத்தின் கேர்ட் அயிட்டர்ஹூவன் தொண்ணூறுகளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே யாராவது எதையாவது மாற்றினால் 68000-ல் என்ன ஆகிறது என்று பார்த்துப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. அதனால் அது யாருக்கும் தலைவலி இல்லை. 69 கோடி டாலரால் வாங்க முடியாததை ஒரு சிறு குழுவின் பிடிவாதம் வாங்கிக்கொடுத்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஐட்டேனியத்துக்கும் அந்த மாதிரி ஆட்கள் இருந்தார்கள், தாமதமாக வந்தார்கள். நீக்கும் பேச்சு முற்றிய பிறகுதான், எங்களிடம் மெஷின் இருக்கிறது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சிலர் குரல் கொடுத்தார்கள். லினஸ் கதவை முழுக்கச் சாத்தவில்லை. வெளியே தனிக் கிளையாக ஒரு வருஷம் பராமரித்துக் காட்டுங்கள், அதைச் சுற்றியுள்ள மற்ற மென்பொருள்களும் உயிரோடிருக்கட்டும், மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை என்று தெரிந்தால் அப்போது பேசலாம் என்றார். நீக்கிய நிரல் கெர்னலின் வரலாற்றுப் பதிவில் பத்திரமாக இருப்பதால், அதை எடுத்துவைத்து அவர்களும் வேலையைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் ஏற்ப அவர்களே திருத்த வேண்டும். முன்பு ஊரே சேர்ந்து செய்த வேலை அது.

சுற்றியுள்ள மென்பொருள்களில் பலன் கலவையாக இருந்தது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2024 தொடக்கத்தில் தன் 2.39 பதிப்பில் ஐட்டேனியத்தைக் கைவிட்டது. ஜி.சி.சி. கம்பைலரும் 14-ம் பதிப்பில் விலக்கப்போவதாகக் குறித்தது. அங்கே ஒருவர் பொறுப்பெடுக்கிறேன் என்று பெயரைக் கொடுத்தார். 15-ம் பதிப்பு வந்தபோது அந்தக் குறியை எடுத்துவிட்டார்கள்.

(தொடரும்)